பெயர் மட்டும் டான்சி

ரூஃபஸ் டான்சியின் இரண்டு விரல்கள் அட்டைகளின் தலைமேல் நடந்துகொண்டிருக்கின்றன. நீளமான பெட்டி, உள்ளே நெருக்கி அடுக்கிய, பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட பழைய அட்டைகள். பெயர்களை அவர் படிப்பதில்லை. மேல்விளிம்பின் நிறம் போதும். மஞ்சள், சாம்பல், மறுபடி மஞ்சள் என்று ஓடுகிற விரல், பச்சைப் பட்டை வந்ததும் வேகம் குறையும். பச்சை என்றால் அறுபத்து நாலாம் வருஷம். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிற்பார். ஓர் அட்டையை உருவி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்ப்பார்.

"ஆப்டுட்டான்."

"யாரு, பெருசு?" மேசைக்குப் பின்னாலிருந்து ஸ்டான் கோவாச் கேட்பான். பதில் அவனுக்குத் தெரியும். பத்து வருஷமாகக் கேட்கிறான்.

"டான்சி. பேரு என்னுது. மூஞ்சி மட்டும் வேற வீட்டுது."

"காசு வேணாம், வெச்சுக்குங்க. உங்க கார்டுக்கு உங்ககிட்டயே காசு வாங்கினா என் பொண்டாட்டி சோறு போடமாட்டா."

"என் படமா இருந்தா ஓசியில வாங்கிப்பேன்டா. அடுத்தவன் படம். காசு குடுத்துத்தான் ஆகணும்."

கால் டாலர் நாணயம் மேசையில் விழும். அட்டை கோட்டின் உள்பைக்குள் போகும். சந்தை அதன்பிறகுதான் அவருக்குத் தொடங்கும்.

எங்கள் ஊரான பார்பர்டனில் மாதத்தின் முதல் ஞாயிறன்று, ஸ்லோவாக் சங்கக் கூடத்தில் இந்த அட்டைச் சந்தை கூடும். கீழ்த்தளத்துச் சமையலறையிலிருந்து கோழி பொரியும் வாசனையும் மிளகாய்ச் சாதத்தின் காரமும் மேலே ஏறி வரும். பழைய பத்திரிகைகள் விற்கிற என் மேசை ஸ்டானுடையதற்கு அடுத்தது. வாங்குபவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள். பையில் உருப்பெருக்கிக் கண்ணாடி, சின்ன டார்ச். சிறுவயதில் சுயிங்கத்தோடு வந்த அட்டையைச் சைக்கிள் சக்கரத்தில் செருகிப் படபடக்க விட்டவர்கள், இன்று அதே அட்டையை மருத்துவர் கண் இமையைத் தூக்கிப் பார்ப்பது போலத் தூக்கிப் பார்க்கிறார்கள். மூலை மழுங்கியிருக்கிறதா? படம் நடுவில் இருக்கிறதா? முடி அளவு மடிப்பு உண்டா? தேறியவற்றைக் கனத்த பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து மதிப்பெண் ஒட்டுவதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. அடைத்த பிறகு அந்த அட்டையை எந்தக் கையும் தொட முடியாது. பக்தி எங்கெல்லாம் முற்றுகிறதோ அங்கெல்லாம் கடவுளைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அட்டையில் இருப்பவன் யார், அவன் என்ன ஆனான் என்று அந்தக் கூடத்தில் கேட்கிறவர் ஒருவர்தான்.

டான்சிக்கு எண்பத்தொரு வயது. தேவாலயத்திலிருந்து நேரே வருவதால் எப்போதும் கோட்டும் டையும். இடது கை மோதிரவிரல் நடுக்கணுவில் வெளிப்பக்கம் கோணியிருக்கும், பந்து முறித்தது. முழங்காலை முறித்தது ஒரு மைதானத்துச் சுவர். மீதியை அக்ரனின் டயர்த் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது. தொழிற்சாலை மூடிய பிறகு பள்ளிப் பேருந்து ஓட்டினார். பேஸ்பாலின் உச்ச மேடையான பெரிய லீக்கில் அவர் ஆடியது ஒன்றரை சீசன். வெளிக்களத்தின் நடுவில் நின்று, பறந்து வரும் பந்தை ஓடிப் பிடிக்கும் வேலை. அவர் ஓட்டத்தைப் பார்த்த ஒருவர் இன்னும் எங்கள் ஊரில் இருக்கிறார். "பந்து கெளம்பறதுக்கு முன்னாடியே இவன் கெளம்பிடுவான்" என்கிறார்.

டான்சி வாங்குவதெல்லாம் சில்லறைப் பெட்டியிலிருந்துதான். புகழ் பெறாதவர்களின் அட்டைகள் அதில் கிடக்கும். பெரிய பெயர்களை அவர் திரும்பியும் பார்ப்பதில்லை. "அவங்களுக்கு ஆளு இருக்கு" என்பார். ஒரு அட்டையை எடுத்ததும் நமக்குக் கதை வந்துவிடும். சொல்வதற்குக் காது வேண்டுமென்பதுகூட இல்லை, அட்டையிடமே சொல்வார்.

"இவனப் பாரு, லைல் ஹேக்மன். கேட்சர். மொத பந்துலயே அடிச்சு ஓடி பேஸ்ல நின்னான். அவங்கப்பா விஸ்கான்சின்ல மாட்ட விட்டுட்டு வந்து பாத்துக்கிட்டிருந்தாரு. அதோட சரி. அடுத்த அடி அவன் வாழ்க்கையில விழவே இல்ல. ஆனா ஆடினான்."

இன்னொன்று. "சை மெரிட். பெட்டி தூக்கினான்யா, பெட்டி! ரயில்ல மேல்தட்டுல பொண்டாட்டி பெட்டிய ஏத்தறேன்னு தோள்பட்டைய கழட்டிக்கிட்டான். அப்புறம் பந்து போடவே முடியல. அந்தப் பொம்பளயும் போயிட்டா, பெட்டியோட. ஆனா ஆடினான்."

எனக்கு மறக்காதது போர்ட்டர் லீ என்பவனின் கதை. அவன் தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறை பந்தை வேலிக்கு வெளியே அடித்தான். நாலாவது இன்னிங்ஸில் மழை கொட்டியது. ஐந்து முடியாமல் நின்றுபோன ஆட்டம் கணக்கிலேயே சேராது. பந்து வேலிக்கு அப்பால் போனதைப் பல்லாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். ஏட்டின்படி அப்படி ஒன்று நடக்கவில்லை. டான்சி அந்த அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் அச்சடித்த ஆட்டக் கணக்கில் இருந்த சைபரைக் காட்டினார். "இங்க ஒன்னு இருக்கணும். மழ தின்னுடுச்சு."

அவருடைய சொந்த அட்டையின் கதை மழையால் வந்ததல்ல.

அறுபத்து நாலு மார்ச். ஃப்ளோரிடாவில் சீசனுக்கு முந்தைய பயிற்சி. அட்டைக் கம்பெனியின் புகைப்படக்காரன் ஒரு காலையில் வந்து, அணியை வரிசையில் நிற்க வைத்து எடுத்துக்கொண்டு போனான். வெள்ளை ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு, எழுத்துக்கூட்டிக் குறித்துக்கொண்டான். கறுப்பர்கள் மூன்று பேர். அவர்களிடம் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. பெயர் கேட்காமலே இரண்டு பேரை மட்டும் எடுத்தான், மூட்டை கட்டினான். ஜூனில் அட்டை வந்தது. ரூஃபஸ் டான்சி என்ற பெயருக்கு மேலே எல்வின் ஸ்டோக்ஸ் என்பவரின் முகம். எல்வின் இடக்கைக்காரர், பந்து வீசுபவர். எறியாத கையில் மாட்டும் கையுறை படத்தில் வலது கையில் இருக்கிறது. அட்டையின் பின்பக்கம் 'எறிவது வலது கை' என்கிறது. முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் ஒத்துவருகிறதா என்று பார்க்க ஒருவனுக்கும் கண்ணில்லை. டான்சி கம்பெனிக்கு எழுதினார். பதிலாக ஒரு பெட்டி சுயிங்கம் வந்தது.

"தின்னீங்களா?" என்று கேட்டேன்.

"தின்னாம? எல்வினுக்கும் பாதி குடுத்தேன். அவன் மூஞ்சிதானே."

எல்வினுக்குச் சொந்தப் பெயரில் அட்டை வரவே இல்லை. டான்சிக்கும் அதற்குப் பிறகு அட்டை இல்லை. அடுத்த ஆண்டு முழங்கால் போய்விட்டது. அதன்பின் இரண்டு பேரும் ஐம்பது வருஷம் தொலைபேசியில் இதை வைத்தே சண்டை போட்டிருக்கிறார்கள். "ஒன் பேருல நான் எவ்ளோ அழகா இருக்கேன் பாத்தியா?" என்பாராம் எல்வின். "என் பேரு இல்லன்னா ஒன்ன நாய்கூட சீண்டாது" என்பாராம் இவர். சர்க்கரை நோயில் எல்வினின் கால் போயிற்று, பிறகு ஆளே போனார். அதிலிருந்து டான்சி அந்த அட்டையை இன்னும் ஆவலாகத் தேடலானார்.

அட்டைச் சந்தையில் ஒரு விதி உண்டு. அச்சில் பிழை நேர்ந்து, கம்பெனி பாதியில் விழித்துத் திருத்திவிட்டால், பிழையான அட்டை அரிதாகிவிடும்; விலை ஏறும். கடைசிவரை திருத்தாமலே விட்டால் எல்லா அட்டையும் ஒரே பிழை. ஆகவே எதற்கும் மதிப்பில்லை, சில்லறைப் பெட்டிதான். முதல்முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம். ஒரு அநியாயத்தைத் திருத்தினால்தான் அது அநியாயம் என்று பெயர் பெறுகிறது. திருத்தாமல் விட்டால் அது வழக்கம். இந்த நாட்டைப் பற்றி ஓர் அலமாரி நிறையப் புத்தகம் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக எதுவும் சொன்னதில்லை.

டான்சியின் மனைவி வெர்னா, கணவரைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். "டான்சி, ஒம் மூஞ்சியப் பாக்கணும்னா கண்ணாடியப் பாரு. காசு மிச்சம்."

"கண்ணாடியில பேரு எழுதியிருக்கா?"

"லிப்ஸ்டிக்கால எழுதறேன் வா."

தேவாலயத்தில் ஒரு ஞாயிறு போதகர் தேற்றப் பார்த்தார். பூமியில் அச்சடிப்பவர்கள் தவறலாம், பரலோகத்தின் புத்தகத்தில் சகோதரர் டான்சியின் பெயரும் முகமும் சரியாகவே இருக்கும் என்றார். டான்சி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்: "அங்க படம் புடிக்கறவன் யாருன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க, பாஸ்டர்."

எனக்கு அந்தப் புத்தகத்தில் நம்பிக்கை கிடையாது. டான்சிக்கு நடந்ததை விதி என்று சொன்னவர்களிடமும் சண்டை போட்டிருக்கிறேன். விதிக்குச் சம்பளம் கிடையாது. இதைச் செய்தவனுக்கு மாதச் சம்பளம் வந்தது.

போன வருஷம், அட்டை வெளியாகி அறுபது ஆண்டு ஆகப்போகும் நேரத்தில், கம்பெனியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். கெல்சி என்று பெயர். அந்த வருஷத்து அட்டைகளை மறுபடி அச்சிடப் போகிறார்கள், பழைய பிழைகளைத் திருத்தி. டான்சி, தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு வெர்னாவையும் என்னையும் கையைக் காட்டி உட்கார வைத்தார். அன்று நான் அவர் வீட்டில் பழைய பத்திரிகைக் கட்டொன்றை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"நீ பொறக்கறதுக்கு முந்தி நடந்த தப்பும்மா அது."

"எங்கம்மா பொறக்கறதுக்கே முந்தி, மிஸ்டர் டான்சி. அதான் சரிபண்றோம். யூனிஃபார்ம் போட்டு, முகம் தெரியற மாதிரி ஒரு படம் வேணும். இருக்கா?"

ஊர்ப் பத்திரிகை மூடியபோது அதன் படக்கிடங்கு குப்பைக்குப் போயிருந்தது. வீட்டில் இருந்தவை நிலவறையில் வெள்ளம் புகுந்த வருஷத்தில் கூழாகியிருந்தன. மிஞ்சியது ஒன்று.

ஃப்ளோரிடாப் பயிற்சியின்போது கறுப்பர்கள் மூவருக்கும் அணி தங்கிய விடுதியில் இடமில்லை. ஊரின் மறுபக்கத்தில் கெய்ன்ஸ் அம்மா என்பவர் வீட்டு மாடியறையில் தங்கினார்கள். மைதானத்து உடைமாற்றும் அறைக்குள்ளும் விட மாட்டார்கள் என்பதால் வீட்டிலேயே சீருடையை மாட்டிக்கொண்டு, தெரு வழியாக நடந்து போவார்கள். ஒரு நாள் காலை அப்படிக் கிளம்பும்போது கெய்ன்ஸ் அம்மாவின் கணவர் சுவரோரம் நிறுத்தி எடுத்த படம். இடது ஓரத்தில் எல்வின். நடுவில் டான்சி, தொப்பியின் நிழல் மூக்குவரை இறங்கியிருக்கிறது. வலது ஓரத்தில் மூன்றாமவன் வார்டெல் ஹைன்ஸ், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்தில் முழு வெயிலோடு வாய்விட்டுச் சிரிக்கிறான்.

நகல் போதாது, அச்சுக்கு மூலப்படமே வேண்டும் என்றாள் கெல்சி. அடுத்த சந்தையன்று படத்தை இரண்டு கண்ணாடித் தாள்களுக்கு நடுவில் வைத்து எடுத்து வந்தார். ஸ்டான் அதைப் பார்த்துவிட்டு மேசையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினான்.

"தலைக்கு மேல ஒரு சின்ன அம்பு போட்டுடுங்க, பெருசு. ஆபீஸ்காரனுங்க. கண்ணு பொறத்தாலதான் இருக்கும்."

டான்சி பேனாவைப் பார்த்த பார்வையில் ஸ்டான் அதைக் கீழே வைத்துவிட்டான்.

"படத்துமேல பேனா வெக்கிறதா? நீயெல்லாம் வியாபாரி?"

"அப்ப பின்னாடியாவது எழுதுங்க."

"மை ஊறும். அழுத்தினா முன்னாடி தடம் தெரியும். அறுவது வருஷம் ஒரு கீறல் இல்லாம வெச்சிருக்கேன்டா."

அட்டை சேர்க்கிறவர்களின் முதல் கட்டளை அது: எழுதாதே. சின்ன வயதில் அட்டைமேல் பென்சிலால் கோடு போட்டவர்கள், பிற்காலத்தில் அதை நினைத்துத் தூக்கம் கெட்டவர்கள், அந்தக் கூடம் முழுக்க இருந்தார்கள். அதனால் யாரும் வற்புறுத்தவில்லை. நானும் இல்லை. அவர் தனித்தாளில், "நடுவில் நிற்பது நான்" என்று பெரிய எழுத்தில் எழுதி உறைக்குள் வைத்தார். தொலைபேசியிலும் சொன்னார். "நடுவுல. எழுதிக்கிட்டேன்" என்றாள் கெல்சி. எழுதிக்கொண்டும் இருப்பாள், பாவம். கடிதம் ஒரு மேசைக்குப் போகும், படம் இன்னொரு மேசைக்குப் போகும். பெரிய அலுவலகங்களில் அப்படித்தான்.

அதற்குப் பிந்திய நாலைந்து மாதங்களில் இருந்தது போல டான்சியை நான் ஒருபோதும் பார்த்ததில்லை. சில்லறைப் பெட்டியில் பச்சைப் பட்டை வந்தாலும் விரல் தாண்டிப் போயிற்று. "இனிமே எல்வின் எல்வினாவே இருக்கட்டும்" என்றார். முடிதிருத்தகத்தில் போய், படத்தில் இருந்தது போலவே கிருதா வைக்கச் சொன்னாராம். அங்கே முடி இருந்தால்தானே வைப்பதற்கு என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். அந்தக் கேலியை அவரே வந்து எங்களிடம் சொல்லிச் சிரித்தார். வெர்னா என்னிடம் தனியாகச் சொன்னாள்: "ராத்திரி எழுந்து ஒக்காந்துக்கறது நின்னுபோச்சு. எனக்குப் பயமா இருக்கு." எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்ட கிழவனைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும்.

அட்டைகள் ஸ்டானின் கடை முகவரிக்கு வந்து சேர்ந்தன. அவன் பிரிக்காமல் சந்தைக்குக் கொண்டுவந்தான். கூடத்தின் நடுவில் ஒரு மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, டான்சியின் பெயரைப் பெரிய காகிதத்தில் எழுதி வைத்திருந்தான். கீழேயிருந்து சமையல்காரப் பெண்கள்கூட ஏப்ரனோடு ஏறி வந்து நின்றார்கள். வெர்னா தேவாலயத்துத் தொப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டான் முதல் கட்டைப் பிரித்து, தேடி எடுத்து, பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"அடேயப்பா! சிரிக்கறீங்க பெருசு! நீங்க இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லயே!"

பத்து வருஷம் மாதம் தவறாமல் மேசைக்கு மேசை பேசிய மனிதன். கெட்டவன் இல்லை. டான்சிக்கு உடம்பு சரியில்லாதபோது காரில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனவன். மூலப்படத்தை முன்பே பார்த்திருந்தும் அவனுக்கும் தெரியவில்லை. அட்டை கைமாறிக் கைமாறிப் போயிற்று. "சின்ன வயசுல நல்லா இருந்திருக்கீங்க, மிஸ்டர் டான்சி" என்றார் ஒருவர். கைதட்டினார்கள். கடைசியில் அது வெர்னாவிடம் வந்தது. அவள் பார்த்துவிட்டு, கணவரிடம் கொடுக்காமல் மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"குடு."

"வீட்டுக்குப் போலாம், டான்சி."

"குடு வெர்னா."

வாங்கிப் பார்த்தார். அவர் அனுப்பிய படத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். ஒருவரின் முகம் அறுபது வருஷமாக அட்டையில் இருக்கிறது. மீதி இரண்டு முகத்தில் ஒன்றைச் சரியாக எடுக்க வேண்டியிருந்தது.

"இது வார்டெல்," என்றார்.

கைதட்டல் ஒவ்வொரு மூலையாக ஓய்ந்தது. ஸ்டான் கிட்டே வந்து குனிந்து, அட்டையையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். அவன் காது சிவந்துவிட்டது. "சாரி பெருசு, நான்..." என்றான். டான்சி அவனைக் கவனிக்கவில்லை. ஒவ்வோர் அட்டைக்கும் சொல்வது போல இதற்கும் சொல்ல ஆரம்பித்தார். குரல் மட்டும் தணிந்திருந்தது.

"வார்டெல் ஹைன்ஸ். ஷார்ட்ஸ்டாப். எங்க மூணு பேருல அவந்தான் ஆட்டக்காரன். நாங்க ரெண்டு பேரும் சும்மா. பக்கத்து ஊருக்கு ஆடப் போவோம், பஸ்ல. வழியில ஓட்டல்ல நிறுத்துவாங்க. வெள்ளப் பசங்கெல்லாம் உள்ள போயி ஒக்காந்து சாப்பிடுவாங்க. எங்களுக்குக் காயிதப் பையில வரும். ஒரு நாளு இவன் எழுந்தான். வாங்கடா போலாம்னான். எல்வின் ஜன்னலப் பாத்தான். நான் எஞ் ஷூவப் பாத்தேன். இவன் எறங்கிப் போயி, நடு டேபிள்ல ஒக்காந்து, முட்டையும் ரொட்டியும் கேட்டான்."

"குடுத்தாங்களா?" சமையல்காரப் பெண்களில் ஒருத்தி கேட்டாள்.

"மறுநாள் காலையில அவன் யூனிஃபார்ம மடிச்சு வாங்கிக்கிட்டு ஊருக்கு பஸ் ஏத்தி விட்டாங்க. அதுக்கப்புறம் எந்த டீமும் கூப்புடல. டெட்ராய்ட்ல வாட்ச்மேன் வேலை பாத்தான்னு கேள்வி. செத்துட்டான்னு சொன்னாங்க, எப்பன்னு தெரியாது. இவன் ஆடல. பெரிய லீக்ல ஒரு பந்துகூட ஆடல. நானும் எல்வினும் பஸ்ல ஒக்காந்து சாண்ட்விச்ச தின்னுக்கிட்டிருந்தோம்."

வெள்ளைத் துணி விரித்த மேசையில் அன்று யாரும் உட்காரவில்லை.

திங்கட்கிழமை கெல்சி தொலைபேசியில் அழுதாள். வடிவமைப்புப் பிரிவில் இருந்தவர்கள் கடிதத்தைப் பார்க்கவில்லையாம். இருந்ததிலேயே தெளிவான முகத்தை எடுத்துவிட்டார்களாம். அச்சு முடிந்துவிட்டது, அட்டை வரிசையை மூடியாயிற்று, இனி ஒன்றும் செய்ய இயலாது. இழப்பீடாக ஒரு பெட்டி அட்டை அனுப்புகிறோம் என்றாள். சுயிங்கம் இல்லையா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. டான்சி அவளைத்தான் தேற்றினார்.

"அழாத கண்ணு. சரியாத்தான் எடுத்திருக்காங்க. அவந்தான் தெளிவா இருந்தான்."

மூலப்படம் திரும்பி வந்தது. பின்பக்கம் கம்பெனியின் ரப்பர் முத்திரை குத்தியிருந்தார்கள். மை முன்பக்கம்வரை ஊறி, நடுவில் நின்றவனின் மார்பில் ஊதாக் கறையாகப் படர்ந்திருந்தது.

அடுத்த முதல் ஞாயிறு நான் கூடத்துக்குள் நுழைந்தபோது வாசல்வரை வரிசை நின்றது. கிளீவ்லாந்திலிருந்தும் கொலம்பஸிலிருந்தும் வந்திருந்தார்கள். ஒரே மனிதனின் அட்டை இரண்டுமுறை தவறாக வந்திருக்கிறது, இரண்டிலும் அவன் முகம் இல்லை, ஆளோ உயிரோடு இருக்கிறான்! செய்தி பரவிவிட்டது. சில்லறைப் பெட்டிகளில் பச்சைப் பட்டை ஒன்றுகூட மிச்சமில்லை. எல்வினின் முகம் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஏறிவிட்டது. கண்ணாடி மேசைகளில் பெரிய பெயர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அறுபது வருஷம் எவனும் கவனிக்காத அவமானத்துக்குத் திடீரென்று சந்தை பிறந்துவிட்டது. அதைத் துடைக்கப் பிறந்ததல்ல, வாங்கி விற்க.

டான்சி வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார், கோட்டும் டையுமாக. ஸ்டான் தயங்கித் தயங்கிக் காட்டிய மேசையில் உட்கார்ந்தார். பழைய அட்டையை நீட்டியவர்களுக்கெல்லாம் எல்வினின் தோளுக்குக் கீழே தன் பெயரைக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். புதிய அட்டையை நீட்டியபோது பேனாவை மூடி வைத்தார். "இதுல நான் எழுத முடியாதுங்க." சிலர் முனகிக்கொண்டு போனார்கள்.

பற்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ப்ளம், கிளீவ்லாந்துக்காரர், போகவில்லை. நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"மிஸ்டர் டான்சி, இது எவ்ளோ பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியல. ரெண்டு தடவ தப்பு! இந்த மாதிரி வேற ஒன்னு கெடையாது. நீங்க ஹிஸ்டரி!"

"ஆமாங்க."

"சரி, கையெழுத்து வேணாம். கார்ட கையில புடிச்சுக்கிட்டு ஒரே ஒரு போட்டோ. பக்கத்துல உங்க முகம். ரெண்டையும் ஒன்னா பாத்தாத்தானே ஜனங்களுக்குப் புரியும்?"

டான்சி எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்து நிமிர்ந்து, கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். புதிய அட்டையைக் கன்னத்தருகே தூக்கிப் பிடித்தார். வார்டெல் ஹைன்ஸ் வெயிலில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். டாக்டர் இரண்டடி பின்னால் போய்க் கைப்பேசியை உயர்த்தி, திரையைப் பார்த்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

"சார், உங்க விரல் பேர மறைக்குது."

டான்சி கைப்பேசியை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கட்டவிரல், சார். கொஞ்சம் நகத்துங்க. பேரு தெரியணும்."

வரிசையில் யாரோ, "அவருக்குக் காது கேக்கல போல" என்றார்கள். டாக்டர் இன்னும் உரக்கச் சொன்னார். டான்சியின் கட்டைவிரல், வார்டெலின் முகத்துக்குக் கீழிருந்த அவருடைய பெயரின்மேல், நகம் வெளுக்கும்வரை, அழுந்தியது.